நீரில் கிழித்த கோடு

கடல் என்றே எண்ணினோம். கண்ணுக்கு எட்டிய தொலைவுவரை நீர். நீர் முடியுமிடத்தில் வானம். அலை எழுகிறது, கரையை அறைகிறது, நுரை கக்கித் திரும்புகிறது. வெண்பறவைகள் வட்டமிடுகின்றன. தொலைவில் ஒரு கப்பல் புள்ளியாய்த் தெரிகிறது. இவ்வளவும் இருந்தால் அதனைக் கடல் என்றழைக்கத்தானே நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள்! குனிந்தோம். ஒரு கை நீரை அள்ளி நாவில் வைத்தோம். உப்பில்லை. துளியும் உப்பில்லை.

கனடா நாட்டு டொராண்டோ நகரில், ஒன்டாரியோ ஏரிக்கரையில், ஒரு கோடைக்காலக் காலைப்பொழுதில் நிகழ்ந்தது இது. மகள் குடும்பத்தைக் காணச் சென்றிருந்தோம். உடன் வந்தவர் அண்டை வீட்டுப் பெரியவர், யாழ்ப்பாணத்துத் தமிழர், 1983 ஆம் ஆண்டுப் படுகொலைகளுக்குப் பின் ஊரையும் உறவையும் விட்டு வந்தவர். நாம் குனிந்து நிமிர்ந்ததைக் கண்டு சிரித்தார்.

"என்ன தம்பி, உப்புப் பாக்கிறியளோ? இது கடலில்லை, குளம். வீட்டில குழாயைத் திறந்தா வாறது இந்தத் தண்ணிதான்."

கடலுக்கு நிகரான ஒரு குளம்! வியந்து நின்றோம். அந்த வியப்பினூடே வேறொன்றும் நெஞ்சில் தைத்தது. பொதுநீரில் கை வைத்தோம், எவரும் தடுக்கவில்லை. நீ யார், எந்தத் தெரு, யார் வீட்டுப் பிள்ளை என்று எவரும் கேட்கவில்லை. இதிலென்ன புதுமை என்று இளந்தோழர்கள் கேட்கலாம். கேள்வி கேட்கப்பட்ட ஒரு நீர்த்துறையை நாம் அறிவோம். கேட்டவர்களையும் அறிவோம். அக்கேள்விக்குத் தன் முதுகால் விடை சொன்ன ஒருவனையும் அறிவோம். அதனைப் பின்னர் சொல்வோம். முதலில் ஏரியைப் பார்ப்போம்.

ஒன்டாரியோ தனித்த ஏரியன்று. சுப்பீரியர், மிச்சிகன், ஹூரான், ஈரி, ஒன்டாரியோ என ஐந்து ஏரிகள். ஐந்தும் ஒன்றோடொன்று பிணைந்தவை. வட அமெரிக்கக் கண்டத்தின் நெஞ்சிலே, அமெரிக்க ஐக்கிய நாட்டுக்கும் கனடாவுக்கும் நடுவே கிடக்கின்றன. மிச்சிகன் ஒன்று மட்டும் முழுதும் அமெரிக்க எல்லைக்குள் அடங்கியது. ஏனைய நான்கையும் இரு நாடுகளும் பங்கிட்டுக்கொண்டுள்ளன.

எத்துணைப் பெரியவை? நமக்குப் பழகிய அளவுகோலாலேயே அளப்போம். தமிழ்நாட்டின் பரப்பு ஏறத்தாழ 1,30,000 சதுர கிலோமீட்டர். ஐந்து ஏரிகளின் நீர்ப்பரப்பு ஏறத்தாழ 2,44,000 சதுர கிலோமீட்டர். குமரி முதல் திருத்தணி வரை உள்ள நம் மாநிலத்தை இரண்டு முறை விரித்தாலும் நிரம்புமளவுக்குச் சற்றே குறைந்த நீர்வெளி! சுப்பீரியர் ஏரி ஒன்று மட்டுமே 82,000 சதுர கிலோமீட்டர். இலங்கைத் தீவு முழுவதும் அதனுள் அடங்கி, மேலும் இடமிருக்கும். அதன் ஆழம் மிகுந்த இடத்தில் 406 மீட்டர். ஐந்திலும் தேங்கிய நீர் ஏறத்தாழ 22,700 கன கிலோமீட்டர். நிலவுலகின் மேற்பரப்பில் பனிக்கட்டியாய் உறையாது கிடக்கும் நன்னீரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அங்கே இருக்கிறது.

அவை படிக்கட்டுப் போல் அமைந்தவை. கடல்மட்டத்துக்கு மேல் 183 மீட்டர் உயரத்தில் சுப்பீரியர். அங்கிருந்து செயின்ட் மேரீஸ் ஆற்றின் வழியே நீர் 176 மீட்டர் உயரத்திலுள்ள ஹூரானுக்கு இறங்குகிறது. மிச்சிகனும் அதே மட்டந்தான். மெக்கினாக் நீரிணை இரண்டையும் இணைக்கிறது. இயற்கை ஓர் ஏரியாகப் படைத்ததற்கு மனிதன் இரண்டு பெயர் சூட்டினான், அவ்வளவே. பின்னர் செயின்ட் கிளேர், டிட்ராய்ட் ஆறுகள் வழியே 174 மீட்டரிலுள்ள ஈரி. அதன்பின் நயாகரா! ஈரிக்கும் ஒன்டாரியோவுக்கும் இடையே 99 மீட்டர் இறக்கம். அதில் பாதியளவை நீர் ஒரே தாவலில் கடக்கிறது. இறுதியாக 75 மீட்டரிலுள்ள ஒன்டாரியோவில் சேர்ந்து, செயின்ட் லாரன்ஸ் ஆறாகி, அட்லாண்டிக் பெருங்கடலை அடைகிறது.

இவ்வளவு நீரை அங்கே கொண்டுவந்து கொட்டியவர் யார்? நம் நாடாயிருந்தால் விடை எளிது. முனிவர் ஒருவர் கமண்டலத்தை வைத்திருப்பார். காகம் ஒன்று வந்து கவிழ்த்திருக்கும். ஐந்து இடத்தில் சிந்தியிருக்கும். ஐந்து கரையிலும் கோயில் எழுந்திருக்கும். கோயில்தோறும் உண்டியல் நிறைந்திருக்கும்! காவிரிக்கே அப்படியொரு பிறப்புக் கதையைக் கட்டிவிட்டவர்கள், இதற்கா அஞ்சுவார்கள்?

மண்ணையும் கல்லையும் ஆராய்ந்த அறிவியலார் சொல்லும் வரலாறு வேறு. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் அப்பகுதி முழுவதையும் பனிப்பாளம் மூடியிருந்தது. சில இடங்களில் அதன் கனம் கிலோமீட்டர்க் கணக்கு. அது மெல்ல மெல்ல நகர்ந்தபோது, மென்மையான பாறையை அரைத்தது, பழைய ஆற்றுப் பள்ளங்களை அகழ்ந்தது, வன்பாறையை வழவழப்பாக்கியது. ஏறத்தாழ 14,000 ஆண்டுகளுக்கு முன் பனி உருகிப் பின்வாங்கத் தொடங்கியபோது, தோண்டிய பள்ளங்களில் உருகுநீர் நிறைந்தது. பனியின் பாரம் நீங்கிய நிலம், அழுத்திய கை எடுத்த பஞ்சணை போல, இன்றளவும் சிறுகச் சிறுக எழும்பிக்கொண்டிருக்கிறது. நயாகரா அருவி, தான் விழும் பாறையைத் தானே அரித்து, ஏறத்தாழ 12,000 ஆண்டுகளில் 11 கிலோமீட்டர் பின்னோக்கி நகர்ந்திருக்கிறது. இந்த வரலாற்றில் எந்தக் கதையிலும் இல்லாத பெருமை உண்டு. ஐயமிருப்பவன் போய்ப் பார்க்கலாம். பாறையில் பனி கீறிய தடம் இன்றும் இருக்கிறது.

அந்த மண்ணின் மூத்த குடியினராகிய அனிசினாபே மக்களும் கதை சொன்னவர்களே. ஆழத்தில் நீர்ப்புலி உறைகிறது, அதுவே புயலை எழுப்புகிறது என்றனர். புயலில் தோணி ஓட்டிய மனிதன் அச்சத்துக்குப் பெயர் வைத்தான், அதில் குற்றமில்லை. கதை சொன்னது எந்த நாட்டிலும் குற்றமன்று. விடை கிடைத்த பிறகும் கேள்வி கேட்காதே என்று வாயடைப்பதே குற்றம். அந்தக் கதையைக் காட்டி, இன்னார் நீராடலாம், இன்னார் கூடாது என்று வேலியடைப்பது அதனினும் பெருங்குற்றம்.

இந்த நீர் மனித வாழ்வை எப்படியெல்லாம் மாற்றியிருக்கிறது! கோடையில் வெப்பத்தை உண்டு, குளிரில் அதனைச் சிறுகச் சிறுக உமிழ்கிறது ஏரி. அதனால் மிச்சிகன் ஏரியின் கீழ்க்கரையில் செர்ரி பழுக்கிறது. நயாகராப் பகுதியில் திராட்சை கொழிக்கிறது. அதே ஏரி சீறவும் செய்யும். குளிர்காற்று வெதுவெதுப்பான நீரைக் கடக்கும்போது ஈரத்தை அள்ளிச் சென்று கரையில் பனியாய்க் கொட்டுகிறது. 2022 நவம்பரில் பஃபலோ நகரை அடுத்த ஊர்களில் சில நாட்களுக்குள் இரண்டு மீட்டர் அளவுக்குப் பனி குவிந்தது. 1975 நவம்பர் 10 அன்று, இரும்புத்தாது ஏற்றிச் சென்ற எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்டு என்னும் பெருங்கப்பல் சுப்பீரியரில் புயலில் மூழ்கியது. அதிலிருந்த 29 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

1825 இல் ஈரிக் கால்வாய் திறக்கப்பட்டது. ஏரிகள் அட்சன் ஆற்றோடும், அதன் வழியே நியூயார்க் துறைமுகத்தோடும் இணைந்தன. 1855 இல் சூ என்னுமிடத்தில் மதகுப்பூட்டுகள் அமைந்தன. சுப்பீரியர்க் கரையின் இரும்புத்தாது தெற்கே இறங்கியது. தாதுவும் நிலக்கரியும் சந்தித்த இடங்களில் உருக்காலைகள் எழுந்தன. 1830 களின் தொடக்கத்தில் சில நூறு பேர் வாழ்ந்த சிற்றூர் சிக்காகோ, 1890 இல் பத்து லட்சத்தைத் தாண்டிய மாநகராயிற்று. 1959 இல் செயின்ட் லாரன்ஸ் கடல்வழி திறக்கப்பட்டபின், அட்லாண்டிக்கில் நுழையும் கப்பல் 3,700 கிலோமீட்டர் உள்நாட்டுக்குள் வந்து, சுப்பீரியரின் மேலைக்கோடியிலுள்ள துலூத்தில் நங்கூரம் பாய்ச்சுகிறது.

சரக்கை மட்டுமா சுமந்தது அந்த நீர்? விடுதலையையும் சுமந்தது. 1834 இல் பிரித்தானியப் பேரரசில் அடிமைமுறை ஒழிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது, கனடாவும் அதிலடங்கும். தெற்கே அமெரிக்காவிலோ மனிதனை மாடு போல் விற்கும் சந்தை நடந்துகொண்டிருந்தது. 1850 ஆம் ஆண்டுச் சட்டம், தப்பியோடிய அடிமையை வடமாநிலங்களிலும் பிடித்துக் கொடுக்கவேண்டும் என்றது. எனவே கறுப்பின மக்கள் இரவில் நடந்து, பகலில் ஒளிந்து, ஏரிக்கரையை அடைந்தனர். டிட்ராய்ட் நகருக்கெதிரே ஆற்றின் அகலம் ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு. இக்கரையில் அவன் ஒருவனது உடைமை. அக்கரையில் அவன் மனிதன்! தோணியிலும் கப்பலிலும் உறைபனியின் மேல் கால்நடையாயும் கடந்தார்கள். கங்கையில் மூழ்கினால் பாவம் போகும் என்பார்கள். போனதாகக் கண்டவர் எவருமில்லை. டிட்ராய்ட் ஆற்றைக் கடந்தவனுக்கு விலங்கு அறுந்தது; கண்டவர் பல்லாயிரவர்.

ஆனால், தோழர்களே, அதே நீரின் மற்றொரு கரையில் நடந்ததையும் சொல்லவேண்டும்.

மகளும் மருமகனும் விடுமுறை எடுத்தார்கள். பன்னிரண்டு அகவைப் பெயரனையும் அழைத்துக்கொண்டு சிக்காகோ சென்றோம். மிச்சிகன் ஏரிக்கரையில், 29 ஆம் தெருவுக்கு நேரே, நடைபாதையோரத்தில் ஒரு பாறை. அதில் பதித்த ஒரு சிறு பலகை. வருவோர் போவோர் பெரும்பாலும் அதை நோக்குவதில்லை. அது யூஜின் வில்லியம்ஸ் என்னும் கறுப்பினச் சிறுவனின் நினைவுக்கல்.

1919 ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 27 ஆம் நாள். கடும் வெயில். யூஜினுக்கு அகவை 17. தோழர்களோடு கட்டுமரம் போன்றதொரு மிதவையில் ஏரியில் விளையாடிக்கொண்டிருந்தான். 25 ஆம் தெருத்துறை கறுப்பருக்கு. 29 ஆம் தெருத்துறை வெள்ளையருக்கு. இப்படிச் சட்டம் ஏதும் இல்லை. வழக்கம் மட்டும் இருந்தது. கரையில் மனிதர் வகுத்த அந்த எல்லை, நீரிலும் நீண்டு செல்வதாக அவர்களுக்கு நினைப்பு. மிதவை அலைப்பட்டு, கண்ணுக்குத் தெரியாத அந்தக் கோட்டைக் கடந்தது. கரையிலிருந்த வெள்ளையன் ஒருவன் கல்லெறிந்தான். யூஜின் நீரில் மூழ்கி மாண்டான். கல்லெறிந்தவனைச் சுட்டிக் காட்டியும் அங்கிருந்த காவலர் கைது செய்யவில்லை. கலவரம் மூண்டது. 38 பேர் மாண்டனர். அவர்களில் 23 பேர் கறுப்பர், 15 பேர் வெள்ளையர்.

எதனால் மூண்டது? தென்மாநிலங்களின் கொடுமைக்குத் தப்பி, வேலை தேடி, வடக்கே வந்தவர்கள் கறுப்பின மக்கள். 1910 இல் சிக்காகோவில் ஏறத்தாழ 44,000 பேராயிருந்தவர்கள் 1920 இல் ஏறத்தாழ 1,09,000 பேராயினர். வேலையிலும் வீட்டிலும் இடம் தர மறுத்தவர்கள், நீரிலும் இடம் தர மறுத்தார்கள். இருபத்திரண்டாயிரம் கன கிலோமீட்டர் நீர் கிடக்கிறது. அதில் ஒரு சிறுவனின் மிதவைக்கு இடமில்லை!

பெயரன் பலகையைப் படித்தான். நெடுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டான்: "நம்ம ஊர்லயும் இப்படி இருந்துச்சா, தாத்தா?"

"இருந்தது" என்றோம். "அதனை எதிர்த்துத்தான் நம் இயக்கம் போராடியது" என்றோம். 1927 மார்ச் 20 அன்று மகாத் நகரத்துச் சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோரை அழைத்துச் சென்று நீரருந்திய வரலாற்றைச் சொன்னோம். வைக்கத்துத் தெருவில் நடக்கும் உரிமைக்காகப் பெரியார் சிறை சென்றதைச் சொன்னோம். சிறுவன் பெருமிதத்தோடு கேட்டுக்கொண்டான். நாமும் பெருமிதத்தோடுதான் சொன்னோம். சொல்லாமல் விட்டது ஒன்றுண்டு.

அது 1961 ஆம் ஆண்டு. நமக்கு அகவை பன்னிரண்டு. பெயரனுக்கு இன்றுள்ள அதே அகவை. எங்கள் ஊர் ஏரிக்கு இரண்டு துறைகள். மேலத்துறை கல்படி கட்டியது; ஊரார் துறை. கீழத்துறை சேறும் கோரையும் மண்டியது, சேரிமக்கள் துறை. மேலத்துறையில் எருமை இறங்கலாம். மனிதரில் ஒரு சாரார் இறங்கலாகாது. நம்மோடு ஏழாம் வகுப்பில் படித்த தோழன் ஒருவன் சேரியிலிருந்து வருபவன். வகுப்பில் நம்மை "நீ" என்பான். தெருவுக்கு வந்தால் "நீங்க" என்பான். கணக்கில் அவனே முதல். ஒருநாள், கல்படியில் நின்று தண்ணீர் குடித்தால் எந்தத் தெய்வம் வந்து கண்ணைக் குத்துகிறதென்று பார்ப்போம் என்று அவனிடம் சொன்னோம். சொன்னது நாம். வீட்டுத் திண்ணையில் பெரியார் படம் மாட்டியிருந்தது. இயக்க ஏடுகள் அஞ்சலில் வந்துகொண்டிருந்தன. அவற்றைப் படித்த வீரம் அது.

அவன் இறங்கினான். இரு கையாலும் அள்ளிக் குடித்தான். தெய்வம் வரவில்லை, ஊர்ப் பெரியதனக்காரர்கள் வந்தார்கள். "யார் சொல்லி இறங்கினாய்?" என்று கேட்டுக் கேட்டு, ஆலமரத்தடியில் வைத்துப் புளியம் விளாறால் அடித்தார்கள். அவன் நம் பெயரைச் சொல்லவில்லை. பத்தடி தொலைவில் நின்றோம். ஒரு சொல்! "நான்தான் சொன்னேன்" என்ற ஒரே சொல் போதும். நம் வீட்டுப் பிள்ளையை அடிக்கும் துணிவு அவர்களுக்கு இருந்திராது. அந்தச் சொல்லை நாம் சொல்லவில்லை. வீட்டுக்கு ஓடி, பெரியார் படம் மாட்டியிருந்த அதே திண்ணைக்குப் பின்னே ஒளிந்துகொண்டோம். மறுநாள் முதல் அவன் பள்ளிக்கு வரவில்லை.

அன்று நாட்டில் சட்டம் இல்லையா? இருந்தது. 1950 இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டத்தின் 15 ஆம் பிரிவைப் புரட்டிப் பாருங்கள். கிணறு, குளம், படித்துறை என்று பெயர் சொல்லியே எழுதி வைத்திருக்கிறார்கள். பொதுவானவற்றைப் பயன்படுத்த எவரையும் சாதியின் பெயரால் தடுத்தல் ஆகாது என்று. 17 ஆம் பிரிவு தீண்டாமையையே ஒழித்தது. 1955 இல் தண்டனைச் சட்டமும் வந்துவிட்டது. சட்டம் தில்லியில் இருந்தது. புளியம் விளாறு ஊரில் இருந்தது. நடுவே இருக்கவேண்டிய நாம் திண்ணைக்குப் பின்னே இருந்தோம்.

ஏரிகளிடம் கற்கவேண்டியது இன்னும் உண்டு. சுப்பீரியரில் புகும் நீர் வெளியேறச் சராசரியாக 191 ஆண்டுகள் ஆகின்றன. ஈரியில் மூன்றாண்டுக்குள் நீர் மாறிவிடும். ஈரி ஆழமற்றது, விரைவில் கெடும், விரைவில் தேறும். ஆலைக் கழிவும் நகரச் சாக்கடையும் சலவைத்தூள் பாஸ்பரசும் அதில் கலந்தன. பாசி பெருகியது, பாசி அழுகி நீரிலிருந்த உயிர்வளியைத் தின்றது, 1960 களில் ஈரி செத்துவிட்டது என்றே பலர் எழுதினர். 1969 சூன் 22 அன்று, ஈரியில் கலக்கும் கயகோகா ஆறு கிளீவ்லாந்தில் தீப்பற்றி எரிந்தது. ஆறு எரிந்தது! அதற்கு முன்னரும் பலமுறை எரிந்திருக்கிறது. எண்ணெய் அவ்வளவு மிதந்தது. மக்கள் யாகம் வளர்க்கவில்லை, கேள்வி கேட்டார்கள். 1972 இல் இரு நாடுகளும் ஏரிநீர்த் தூய்மை உடன்படிக்கை செய்தன. பாஸ்பரசைக் குறைத்தார்கள். செத்ததாகச் சொல்லப்பட்ட ஏரியில் மீன் துள்ளியது. பின்னர் கவனம் தளர்ந்தது; வயல் உரம் வழிந்து பாசி மீண்டது; 2014 ஆகஸ்டில் டொலீடோ நகரத்து ஏறத்தாழ ஐந்து லட்சம் மக்கள் குழாய்நீரைக் குடிக்கவேண்டாம் என்று எச்சரிக்கப்பட்டனர். தூய்மை ஒருமுறை வென்று பெட்டியில் பூட்டும் பதக்கமன்று. நாளும் காக்கவேண்டிய பயிர்.

நீர் தூயதாயிருந்தும் மனிதருக்கு நஞ்சு வரலாம் என்பதற்குச் சான்று ஃபிளின்ட் நகரம். ஹூரான் ஏரிநீர் அந்நகருக்கு டிட்ராய்ட் வழியே வந்துகொண்டிருந்தது. மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் கறுப்பர், வறியோர் மிகுதி. செலவைக் குறைப்பதென்று சொல்லி, 2014 ஏப்ரலில் ஏரிநீரை நிறுத்தி ஆற்றுநீரைத் திறந்துவிட்டார்கள். குழாய் அரிக்காமல் காக்கும் மருந்தைச் சேர்க்கவில்லை. பழைய குழாயின் ஈயம் கரைந்து குழந்தைகளின் குருதியில் ஏறியது. பழுப்பு நீரைப் புட்டியில் ஏந்தி வந்த தாய்மார்களிடம், நீர் நன்றாகவே உள்ளது என்றார்கள் அதிகாரிகள். அந்நகரத்து மோட்டார் எஞ்சின் ஆலையொன்று, இந்நீர் இரும்பை அரிக்கிறது என்று சொல்லி 2014 அக்டோபரிலேயே வேறு நீருக்கு மாறிக்கொண்டது. குழந்தைகளுக்கு ஏரிநீர் திரும்பியது 2015 அக்டோபரில். எஞ்சினுக்குப் பின் ஓராண்டு கழித்துத்தான் குழந்தை! உலகின் பெரும் நன்னீர்த் தேக்கத்துக்கு அருகிலேயே இது நடந்தது. எனவே, நீரின் அளவு ஒரு செய்தி. குழாய் யார் கையில் என்பதே கேள்வி.

நாம் ஏளனம் பேசவேண்டா. 2022 டிசம்பரில், புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், ஆதிதிராவிட மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. ஆம், மகாத் நகரில் அம்பேத்கர் நீரருந்தித் தொண்ணூற்றைந்து ஆண்டுகள் கழித்து, சமூகநீதியை மூச்சாகக் கொண்டதென்று நாம் மார்தட்டும் மண்ணில்! சுப்பீரியரில் விழுந்த நஞ்சு வெளியேற 191 ஆண்டு. நம் நெஞ்சில் விழுந்த சாதி நஞ்சுக்கு ஆண்டுக்கணக்கு ஏது? தானாக வெளியேறும் என்று காத்திருப்பவன் ஏமாளி.

டொராண்டோவுக்குத் திரும்பிய மாலை, அண்டை வீட்டுப் பெரியவரிடம் இவையெல்லாம் பேசினோம். அவர் தலை குனிந்தார். "எங்கட ஊர்க் கிணத்திலயும் எல்லாரும் வாளி போட ஏலாது, தம்பி. வாத்து விடுற மட்டும் காத்துக்கொண்டு நிப்பினம். நான் வாத்து விட்ட ஆள். அதைப் பெரிய தருமம் எண்டு நினைச்சனான்" என்றார். ஓர் ஏரிக்கரையில் இரு முதியவர். இருவருக்கும் சொல்லாத கணக்கு ஒன்று.

ஊர் திரும்பியதும் அவனைத் தேடிப் போனோம். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, அதே ஊரில் இருக்கிறான். மகள் பள்ளி ஆசிரியை. ஏரியின் இரு துறைகளிலும் இன்று எவரும் குளிப்பதில்லை. பாதி ஏரி கருவேலங்காடு. வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தான். சிக்காகோச் சிறுவனின் கதையைச் சொன்னோம். கேட்டுக்கொண்டிருந்தவன் மெல்லச் சொன்னான்:

"அடிச்சவங்க முகமெல்லாம் மறந்துபோச்சு. நீ நின்ன இடம் மட்டும் மறக்கல."

அறுபதாண்டுக்கு மேல் கழித்துத் தெருவில் வைத்து நம்மை "நீ" என்றான். அதற்கு நாம் தகுதியுடையோமா என்று தெரியவில்லை. மன்னித்துவிடு என்றோம்.

"எனக்கெதுக்கு மன்னிப்பு? இந்தக் கதையெல்லாம் பேரன்கிட்டச் சொன்னியே, இதைச் சொன்னியா?"

இல்லை என்றோம்.

"அதைச் சொல்லு" என்றான். பிறகு உள்ளே திரும்பி, தண்ணீர் கொண்டுவரச் சொன்னான்.

குடித்தோம். அன்றிரவே பெயரனுக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னோம். நெடுநேரம் அவன் பேசவில்லை. "அவர் ஏன் தாத்தா உங்க பேரைச் சொல்லல?" என்று மட்டும் கேட்டான். விடை நம்மிடம் இல்லை.

இளந்தோழர்களே, இயக்கத்தின் வரலாற்றைச் சொல்லிச் சொந்தக் கோழைமையை மறைத்துக்கொள்வது எளிது. நாம் செய்தோம், நீங்கள் செய்யாதீர்கள். உங்கள் ஊரில் எத்தனை நீர்த்தொட்டி, எந்தத் தொட்டியின் நீர் எந்தத் தெருவுக்கு, யார் வந்தால் குழாயடியில் யார் விலகி நிற்கிறார்கள் என்று நாளைக் காலையில் போய்ப் பாருங்கள். கோடு இருந்தால் அதன்மேல் நில்லுங்கள். கடக்கச் சொல்லிவிட்டுக் கரையில் நிற்காதீர்கள். கடப்பவனோடு கூடவே இறங்குங்கள்.